வளரும் பையனுக்கு லெதர் பால் பேட்: முதலில் அளவு, பிறகு எடை, அதற்குப் பிறகுதான் மரம்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். மகனுக்கு 13 வயது, உயரம் 5 அடி 1 அங்குலம், ஒல்லியான உடம்பு. தெருவில் டென்னிஸ் பாலில் ஆடிக்கொண்டிருந்தவனை இப்போது கோயம்புத்தூரில் ஒரு கோச்சிங் கேம்ப்பில் சேர்த்திருக்கிறீர்கள். அங்கே சிமென்ட் பிட்ச்சில் மேட் விரித்து லெதர் பாலில் பயிற்சி. கோச் இங்லிஷ் வில்லோ, அதாவது இங்கிலாந்து வில்லோ மரத்தில் செய்த பேட், வாங்கச் சொல்கிறார். கடைக்காரரோ, "வளர்ற பையன், ஹாரோ சைஸே எடுத்துடுங்க, ரெண்டு வருஷம் வரும்" என்று பெரியவர்களின் அளவுக்கு ஒரு படி கீழே உள்ள, 1,180 கிராம் எடையுள்ள ஹாரோ பேட் ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார். விலை 3,500 ரூபாயில் ஆரம்பித்து 30,000 வரை போகிறது. எந்த மரம் வாங்குவது என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்கு அடியில் இருப்பது, செலவைக் குறைத்தால் பையன் பின்தங்கிவிடுவானோ, அள்ளிப் போட்டால் வீணாகிவிடுமோ என்கிற தவிப்பு. 13 வயதில் ஒரு பையனின் ஆட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பொருந்தாத அளவும் அதிக எடையும்தான். மலிவான மரத்தால் பந்து கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவே. அதனால் அந்த ஹாரோவை வாங்காதீர்கள். ஏன் என்பதையும், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதையும் எழுதுகிறேன்.

அளவில் இருந்து தொடங்கலாம். கம்பெனிக்குக் கம்பெனி அட்டவணை ஓர் அங்குலம் முன்பின் இருந்தாலும், பொதுவாக 4 அடி 9 அங்குலம் முதல் 4 அடி 11 வரை சைஸ் 4, அங்கிருந்து 5 அடி 2 வரை சைஸ் 5, 5 அடி 4 வரை சைஸ் 6, 5 அடி 6 வரை ஹாரோ, அதற்கு மேல் பெரியவர்களுக்கான ஷார்ட் ஹேண்டில், 6 அடி 2 அங்குலத்தைத் தாண்டியவர்களுக்கு லாங் ஹேண்டில் என்று போகும். ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் நீளத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம் வித்தியாசம். உங்கள் மகன் சைஸ் 5-க்குள் வருகிறான், அதன் மேல் எல்லைக்கு அருகில். கடைக்காரர் கொடுத்தது இரண்டு சைஸ் பெரியது. ஆனால் அட்டவணை உயரத்தை மட்டும்தான் பார்க்கிறது. கால் நீளமும் கை நீளமும் பையனுக்குப் பையன் மாறும். அதனால் கடையில் அவனை ஷூ போட்டு நிற்கவைத்து, பேட்டைக் காலோடு ஒட்டி நிறுத்திப் பாருங்கள். ஹேண்டிலின் உச்சி தொடையின் மேற்பகுதிக்கு, இடுப்புக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். பிறகு அவன் வழக்கமாக நிற்கும் ஸ்டான்ஸில் நிற்கச் சொல்லுங்கள். ஹேண்டில் நுனி வயிற்றிலோ முன்தொடையின் உட்பக்கத்திலோ இடித்தால், அல்லது பேட்டுக்கு இடம் கொடுக்க முன்கை முழங்கை அளவுக்கு மீறி வெளியே தள்ளினால், பேட் நீளம். தலை முன்னால் சரிந்து, கண்கள் கால்விரல்களைத் தாண்டிப் போய்விட்டால் பேட் குட்டை. முடிந்தால் லெக் பேடும் கிளவுஸும் எடுத்துப்போய் மாட்டிக்கொண்டே பாருங்கள். வெறுங்கையில் சரியாகத் தோன்றும் பேட், கிளவுஸ் போட்டதும் மாறிவிடுவதுண்டு.

பெரிய பேட் என்ன கெடுதல் செய்யும்? பேட்டைத் தூக்க வேண்டியது மேல் கை; வலது கை ஆட்டக்காரனுக்கு அது இடது கை. எடை தாங்காதபோது கீழ் கை வேலையை எடுத்துக்கொள்ளும். மேல் கை முழங்கை மடிந்து உடம்போடு ஒட்டிவிடும், பேட் நேர்கோட்டில் வராமல் குறுக்கே வரும், நேராகப் போக வேண்டிய டிரைவ் எல்லாம் மிட்-விக்கெட் பக்கம் போகும். மேட்டிங் பிட்ச்சில் பந்து வேகமாகவும் உயரமாகவும் எழும்பும் என்பதால் புல், கட் இரண்டிலும் தாமதம் தெரியும். பையன் தன்னை அறியாமல் ஹேண்டிலின் கீழ்ப்பகுதியில் பிடிக்கத் தொடங்குவான். ஆறு மாதம் இப்படி ஆடினால் அது பழக்கமாகிவிடும். பிறகு எவ்வளவு விலையுள்ள பேட் கொடுத்தாலும் அந்தக் கீழ் கைப் பிடியை மாற்றுவது கோச்சுக்குப் பெரும்பாடு. ஹாரோ வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கனமான பேட் பந்தைத் தூரம் அனுப்பும் என்று நினைப்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரே வேகத்தில் சுழற்ற முடிந்தால் கனமான பேட்டில் பந்து கொஞ்சம் வேகமாகத்தான் போகும். ஆனால் எடை கூடக் கூட அந்த லாபம் சுருங்கிக்கொண்டே வரும்; சுழற்றும் வேகம் குறைந்தால் ஏற்படும் நஷ்டமோ நேராகப் பந்தில் தெரியும். 1,060 கிராமுக்கும் 1,180 கிராமுக்கும் இடையே 120 கிராம், அதாவது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். வளர்ந்த ஆளுக்கு அது பெரிதாகத் தெரியாது. 13 வயது மணிக்கட்டுக்குத் தெரியும்.

எந்த எடை சரி? சைஸ் 5-இல் 1,000 முதல் 1,070 கிராம் வரை தேடுங்கள். ஒல்லியான பையன் என்பதால் இதன் கீழ்ப்பாதி நல்லது. அடுத்து சைஸ் 6-க்குப் போகும்போது 1,040 முதல் 1,120 வரை போகலாம். கடைகளில் பவுண்டு, அவுன்ஸ் கணக்கில் பேசுவார்கள்: ஒரு அவுன்ஸ் 28 கிராம் சொச்சம், 2 பவுண்டு 4 அவுன்ஸ் என்றால் 1,020 கிராம், 2 பவுண்டு 6 அவுன்ஸ் 1,077 கிராம். லேபிளில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். பேட்டின் முகத்தில் பாதுகாப்பு ஷீட் ஒட்டி, அடிநுனியைக் காக்கும் டோ கார்ட் வைத்து, ஹேண்டிலில் இன்னொரு கிரிப் உறை ஏற்றினால் எளிதாக 50 கிராம் கூடிவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தராசு காட்டும் எடை ஒன்று, கையில் தெரியும் எடை வேறொன்று. பின்னதைத்தான் ஆட்டக்காரர்கள் பிக்-அப் என்கிறார்கள். ஒரே 1,050 கிராமில் இரண்டு பேட் இருக்கும். ஒன்று கையோடு எழுந்து வரும், மற்றது தரையை விட மனமில்லாமல் தொங்கும். மரம் எங்கே குவிந்திருக்கிறது என்பதுதான் காரணம். கீழே குவிந்திருந்தால் கை சுமக்கும் பாரம் கூடும். இதைச் சோதிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு: ஒரே நீளமுள்ள இரண்டு பேட்களை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு விரல் மேல் கிடையாக நிறுத்தி, எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று பாருங்கள். அந்த இடம் ஹேண்டிலுக்கு நெருக்கமாக உள்ள பேட்டின் பிக்-அப் லேசாக இருக்கும். அடுத்து பையனிடம் கொடுத்து, மேல் கை ஒன்றால் மட்டும் பிடித்து பேக்லிஃப்ட் நிலைக்கு (அடிக்கும் முன் பேட்டைப் பின்னால் தூக்கும் நிலை) கொண்டுபோய், நேராக ஒரு டிரைவ் மெதுவாக ஆடிக் காட்டச் சொல்லுங்கள். பத்து முறை செய்யட்டும். ஏழாவது, எட்டாவது முறையில் மணிக்கட்டு வளைந்து பேட்டின் முகம் திரும்பினால், அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். முதல் முறை எல்லா பேட்டும் லேசாகத்தான் இருக்கும். களைத்த பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது கிரிப் ஏற்றினால் சமநிலைப் புள்ளி கைப்பக்கம் நகர்ந்து தூக்கும்போது லேசானதுபோல் இருக்கும் என்று கடையில் சொல்வார்கள். ஓரளவு உண்மை. ஆனால் சின்னக் கைக்கு ஹேண்டில் தடித்துவிடும். தடித்த ஹேண்டில் கீழ் கையை இன்னும் இறுக்கிப் பிடிக்கவைக்கும். ஒரு கிரிப் போதும்.

இப்போது மரம். கிரிக்கெட் சட்டத்தின்படி பேட்டின் அடிக்கும் பகுதி மரத்தால் மட்டுமே ஆனதாக இருக்க வேண்டும். 1979-இல் பெர்த்தில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி அலுமினிய பேட்டோடு இறங்கிய ரகளைக்குப் பிறகு இது சட்டத்திலேயே எழுதப்பட்டது. நடைமுறையில் அந்த மரம் வில்லோ. அதன் நார் லேசானது, அழுத்தினால் நசுங்கி இறுகும், அடி வாங்கினால் சட்டென்று பிளக்காமல் அமுங்கிக் கொடுக்கும். இங்லிஷ் வில்லோ இங்கிலாந்தின் ஈரமான தாழ்நிலங்களில் வளர்வது. ஏறக்குறைய 15 முதல் 20 வருடத்தில் வெட்டுவார்கள். அங்கிருந்து பிளந்த கட்டைகளாக மீரட்டுக்கும் ஜலந்தருக்கும் வந்து இங்கே பேட் ஆகிறது. காஷ்மீர் வில்லோ அனந்த்நாக் மாவட்டத்தில் சங்கம், பிஜ்பெஹாரா பக்கம் விளைவது. ஸ்ரீநகர் நெடுஞ்சாலை ஓரத்தில் கட்டைகளை அடுக்கடுக்காகக் காயவைத்திருப்பதைப் பார்க்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் அடர்த்தியில். காஷ்மீர் வில்லோ பொதுவாக அடர்த்தியானது, கடினமானது, சற்றுப் பழுப்பு நிறம். அதனால் அதே எடையில் பேட் செய்தால் மரம் மெலிதாக வரும். அதே பருமனில் செய்தால் கனக்கும். பந்து மிதமாகப் போகும், நடுப்பகுதியை விட்டு விலகிப் பட்டால் கையில் அதிர்வு கூடுதலாகத் தெரியும். உங்கள் கோச் இங்லிஷ் வில்லோ சொல்வதில் இந்த நியாயம் இருக்கிறது: சின்னப் பையனுக்கு லேசான காஷ்மீர் பேட் கிடைப்பது கஷ்டம். ஆனாலும் காஷ்மீர் வில்லோவை மட்டமான சரக்கு என்று ஒதுக்குவது தவறு. 2021 டி20 உலகக் கோப்பையில் ஓமன் வீரர்கள் சிலர் காஷ்மீர் வில்லோ பேட்டோடு ஆடினார்கள்.

கிரெய்ன் பற்றி நிறையக் குழப்பம். பேட்டின் முகத்தில் மேலிருந்து கீழாக ஓடும் ஒவ்வொரு கோடும் மரத்தின் ஒரு வருட வளர்ச்சி. இது உறுதியான விஷயம். எட்டு கோடு இருந்தால் அந்த அகலத்துக்குள் எட்டு வருட வளர்ச்சி இருக்கிறது. கோடுகள் நெருக்கமாக இருந்தால் மரம் மெதுவாக வளர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட பேட் சீக்கிரம் பதத்துக்கு வரும், சீக்கிரம் தேயும். ஐந்தாறு அகலமான கோடு உள்ளது பதத்துக்கு வரத் தாமதமாகும், ஆனால் நெடுநாள் உழைக்கும். இது தொழிலில் இருப்பவர்களின் பொதுவான கணிப்பு, பெரும்பாலும் சரியாக வரும், ஆனால் விதிவிலக்குகள் ஏராளம். 11 கிரெய்ன் பேட் கட்டையாகக் கிடந்ததும் உண்டு, 5 கிரெய்ன் பேட் முதல் வாரத்திலேயே பேசியதும் உண்டு. கோடுகளின் எண்ணிக்கையை விட அவை நேராக ஓடுகின்றனவா, குறிப்பாகக் கீழ்ப்பாதியில் ஓரத்தை நோக்கிச் சாய்ந்து வெளியேறிவிடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓரத்தில் கோடு வெட்டுப்பட்டு முடியும் இடத்தில்தான் பின்னால் சிம்பு பெயரும்.

கிரேடு என்பது கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் போடும் தரம். முகம் வெள்ளையாக, கோடுகள் நேராக, கறை இல்லாமல் இருந்தால் கிரேடு 1. சிவந்த வைரப்பகுதி ஒரு பக்கம் தெரிந்தால், பட்டாம்பூச்சிக் கறையோ சிறு புள்ளியோ இருந்தால் கிரேடு 2, 3 என்று இறங்கும். இதற்கு எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவரின் கிரேடு 2 இன்னொருவரின் கிரேடு 1. சிவப்பு மரம் தெரிவதால் பந்து போகாது என்பதில்லை. கீழ் கிரேடுகளில் சிலவற்றை வெளுத்து, முகத்தில் ஷீட் ஒட்டி விற்பார்கள். அதிலும் நல்ல பேட் கிடைக்கும், என்ன, கோடுகளைப் பார்த்து வாங்க முடியாது. உங்களுக்கு இதில் ஒரு வழி திறக்கிறது: அழகுக்குக் கொடுக்கும் பணத்தை விட்டுவிட்டு, நேரான கோடும் லேசான பிக்-அப்பும் உள்ள கிரேடு 3 இங்லிஷ் வில்லோ சைஸ் 5-ஐத் தேடினால், கேட்ட விலையின் கீழ்ப்பகுதியிலேயே கிடைக்க வாய்ப்பு அதிகம். ஸ்டிக்கரைப் பார்த்து மயங்கவேண்டாம். பெரிய வீரர்களின் பேட்டில் ஒட்டியிருப்பது விளம்பர ஒப்பந்தம். பேட்டைச் செய்த பட்டறை பல நேரம் வேறாக இருக்கும், அதே ஸ்டிக்கர் ஒட்டிக் கடையில் தொங்கும் பேட்டின் மரமும் வேறாக இருக்கும்.

ஓரம் எவ்வளவு தடிமன் என்று பையன்கள் விரலை வைத்து அளந்து பார்ப்பார்கள். 2017 அக்டோபரில் இருந்து ஓரம் 40 மி.மீ., மொத்தப் பருமன் 67 மி.மீ. என்று சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அகலம் 4¼ அங்குலம், அதாவது 10.8 செ.மீ.; அந்த அகலக் கணக்கு 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே வருவது. 13 வயதில் தடித்த ஓரத்தைத் தேடுவதில் பயனில்லை. எடை ஏறாமல் ஓரம் தடிக்க வேண்டுமென்றால் மரத்தை அதிகமாக உலர்த்த வேண்டும், அல்லது குறைவாக அழுத்த வேண்டும். அதிகம் உலர்ந்த மரம் கடையில் தட்டிப் பார்க்கும்போது அருமையாகத் துள்ளும். நான்கு மாதத்தில் கீறல் விட ஆரம்பிக்கும்.

பேட்டின் வடிவத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். முதுகு மேடு அடிநுனிக்கு அருகில் உச்சத்தை எட்டினால் தாழ்ந்த பந்துக்கானது, மேலே எட்டினால் எழும்பும் பந்துக்கானது. மேட்டிங்கில் பந்து எழும்பும் என்பதால் நடுவிலோ அதற்குச் சற்று மேலோ மேடு இருப்பது நல்லது. பையன் பிறகு மண் பிட்ச்சில் மேட்ச் ஆடப் போவான் என்பதால், நடுவில் இருப்பதையே எடுங்கள். ஹேண்டில் முழு வட்டமாக இருப்பதைவிடக் கீழ்ப்பகுதி சற்று முட்டை வடிவமாக இருந்தால், பேட் கையில் திரும்பாமல் நிற்கும். பேட்டை ஒரு கையால் அடியில் பிடித்து ஹேண்டிலை லேசாக வளைத்துப் பாருங்கள். ஹேண்டில் பேட்டுக்குள் இறங்கும் வி வடிவ இணைப்பில் கிறீச் என்று சத்தமோ, பசை விட்ட இடைவெளியோ இருந்தால் வேண்டாம். இடது கை ஆட்டக்காரர்களுக்குத் தனி பேட் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்பதால்.

இனி, நம் ஊர்களில் அதிக பேட்டுகளைக் கொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். லெதர் பாலுக்கு வாங்கிய பேட்டை வீட்டுப் பக்கத்து மைதானத்தில் கார்க் பால் ஆட எடுத்துப் போகக் கூடாது. லெதர் பாலுக்குள் தக்கையும் நூலும் இருக்கிறது, மேலே தோல். அடிபடும்போது கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். கார்க் பால் என்று விற்கிற உருட்டு, அமுங்காது. அது படும் இடத்தில் வில்லோ நார் பள்ளமாக நொறுங்கும், அடிநுனி பிளக்கும். பௌலிங் மெஷினின் குழிவைத்த பிளாஸ்டிக் பந்தும் ஏறக்குறைய அதே சேதத்தைச் செய்யும். பையனின் பழைய டென்னிஸ் பால் பேட்டை லெதர் பாலுக்குக் கொண்டுபோவதும் வேண்டாம்: முதுகு குடைந்து, லேசான மரத்தில், 60 கிராமுக்குச் சற்றுக் குறைவான டென்னிஸ் பாலுக்கும் அதைவிடக் கனமான ஹார்ட் டென்னிஸ் பாலுக்கும் செய்யப்பட்டவை அவை. 156 முதல் 163 கிராம் எடையுள்ள லெதர் பால் பட்டால் உடைவது நிச்சயம், உடைந்த துண்டு பறந்து யார் மேலாவது படவும் கூடும். 13 வயதுக்கு உட்பட்டோருக்குச் சட்டத்திலேயே 133 முதல் 144 கிராம் வரையான சிறிய பந்து உண்டு. உங்கள் கேம்ப்பில் எந்தப் பந்து போடுகிறார்கள் என்று கோச்சிடம் கேளுங்கள்.

பேட் வாங்கிய அன்றே நெட்ஸுக்குப் போகக் கூடாது. "ரெடி டு ப்ளே" என்று எழுதியிருந்தாலும் இதே விதிதான், நேரம் மட்டும் குறையும். முதலில் எண்ணெய். பச்சையான ஆளிவிதை எண்ணெய் வாங்குங்கள். பெயின்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் வேண்டாம், அது மேலே படலமாகக் காய்ந்துவிடும். ஒரு டீஸ்பூன் எண்ணெயைத் துணியில் தொட்டு முகம், ஓரங்கள், அடிநுனி ஆகியவற்றில் மெலிதாகத் தடவி, பேட்டைக் கிடையாக, முகம் மேலே பார்க்க, ஒரு நாள் வையுங்கள். ஸ்டிக்கர் மேலும் ஹேண்டில் இணைப்பிலும் எண்ணெய் படக் கூடாது, பசை விட்டுவிடும். மறுநாள் துடைத்துவிட்டு இன்னொரு முறை. இரண்டு முறை போதும். எண்ணெய் அதிகமானால் பேட் கனத்து மொத்தையாகிவிடும்; நல்ல மனத்தோடு அளவுக்கு மீறித் தடவி ஊறப்போட்ட பேட்டை மீட்க வழியில்லை. ஷீட் ஒட்டி வந்த பேட்டில் ஷீட் மூடாத இடங்களுக்கு மட்டும் தடவினால் போதும்.

அடுத்து நாக்கிங், அதாவது பேட்டின் முகத்தைத் தட்டித் தட்டிப் பதப்படுத்துவது. மர மேலெட்டால் (மரச் சுத்தியலால்) முகத்தின் நடுவில் தொடங்கி, முட்டை உடையும் அளவு விசையில் ஆரம்பித்து, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு நாளைக்கு 15, 20 நிமிடமாகப் பிரித்து மொத்தம் நான்கைந்து மணி நேரம் ஆகும். ஓரங்களை நேராகத் தட்டாமல், மேலெட்டை 45 பாகை சாய்த்து உருட்டி விடுங்கள். எட்ஜ் வாங்கும் பந்து படும் இடம் அதுதான், பலர் தவறவிடுவதும் அதைத்தான். அடிநுனியின் கீழ்முகத்தையும் முதுகையும் தட்டவே கூடாது. பிறகு பழைய, மெத்தென்ற லெதர் பாலில் மெதுவாக எறிந்து சில நாள் ஆடட்டும். ஆடி முடித்து முகத்தைப் பாருங்கள்: தையல் கோடு ஆழமாகப் பதிந்திருந்தால் மேலெட்டுக்குத் திரும்புங்கள், லேசான சிவப்புத் தடம் மட்டும் இருந்தால் புதுப் பந்துக்குத் தயார். காஷ்மீர் வில்லோவுக்கு நாக்கிங் தேவையில்லை என்று சொல்வார்கள். தேவைதான். கடினமான மரம் அமுங்கிக் கொடுக்காமல் ஓரத்தில் சீவலாகப் பெயரும்.

சிமென்ட் பிட்ச்சில் ஆடும் பையனின் பேட் முதலில் சாவது அடிநுனியில். ஸ்டான்ஸில் நின்றபடி தரையைத் தட்டுவது, ரன் ஓடும்போது சிமென்டில் உரசுவது, யார்க்கர் மூன்றும் சேர்ந்து நாரைப் பிளக்கும். அதனால் முதல் நாளே டோ கார்ட் ஒட்டுங்கள், தரையைத் தட்டாமல் நிற்கப் பழக்குங்கள். அதிகாலைப் பனியில் நனைந்த தரையில் பேட்டைச் சாய்த்து வைத்தால் அடிநுனி ஈரம் குடித்துப் புடைக்கும். புடைத்தபின் யார்க்கர் ஒன்று பட்டால் போதும், பிளந்துவிடும். எதிர்ப்பக்கத்து ஆபத்து வெயிலில் நிற்கும் கார் டிக்கி: அங்கே மரம் காய்ந்து வறளும். வீட்டுக்குள் நிழலில், பீரோ மேலோ கட்டிலுக்கு அடியிலோ வைத்தால் போதும். முகத்தில் மயிரிழைக் கீறல் தெரிந்தால் பதற வேண்டாம், எல்லா வில்லோவும் கீறும். மேலே ஃபைபர் டேப் ஒட்டினால் ஆடலாம், ஒட்டும் பொருள் 1 மி.மீ. தடிமனைத் தாண்டாமல் இருந்தால் சட்டத்துக்கும் உட்பட்டது. ஹேண்டில் இணைப்பில் விரிசல், ஓரத்திலிருந்து உள்ளே ஓடும் பிளவு இரண்டும் வந்தால் அன்றே ஆட்டத்தை நிறுத்திப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். 13, 14 வயதில் வளர்ச்சி வேகம் பிடிக்கும்போது ஒரு வருடத்தில் 8, 9 செ.மீ. உயர்வது சாதாரணம். இப்போதைய சைஸ் 5 மிஞ்சினால் ஒரு வருடம். இதை நஷ்டமாகப் பார்க்காதீர்கள். பள்ளிச் சட்டைக்கு ஒதுக்குவதுபோல வருடத்துக்கு ஒரு பேட் என்று முன்கூட்டியே ஒதுக்கினால், 20,000 ரூபாய் பேட்டை இந்த வயதில் வாங்குவதில் அர்த்தமில்லை என்பது தானாகத் தெரியும். வாரத்தில் நான்கு நாளும் அதற்கு மேலும் லெதர் பாலில் ஆடுகிறான் என்றால், நான் சொன்ன கிரேடு 3 இங்லிஷ் வில்லோ சைஸ் 5 எடுங்கள். இன்னும் பிடிப்பு வருமா என்று பார்க்கும் கட்டத்தில் இருந்தால், 1,070 கிராமுக்குள் வரும் காஷ்மீர் வில்லோ ஒன்றைப் பொறுமையாகத் தேடி எடுங்கள். கடையில் பத்துப் பதினைந்தைத் தூக்கிப் பார்த்தால்தான் ஒன்று கிடைக்கும். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹெல்மெட்டும் கிளவுஸும் வாங்குங்கள். மேட்டிங்கில் அவை பேட்டுக்கு முன்னால் வர வேண்டியவை. சீனியர் பையனின் முழு அளவு பேட்டை அடியில் அறுத்துக் குட்டையாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அறுக்கும்போது அடிமரம் போய், பந்து நன்றாகப் போகும் இடம் நுனிக்கு மிக அருகில் வந்துவிடும்; அகலமும் ஹேண்டில் தடிமனும் பெரியவர் அளவிலேயே நிற்கும். ஆன்லைனில் வாங்குவதானால் படத்தில் உள்ள பேட் வேறு, வீட்டுக்கு வருவது வேறு. உங்களுக்கு அனுப்பப்போகும் அதே பேட்டைத் தராசில் வைத்து முகம், பக்கவாட்டு, அடிநுனி என்று மூன்று படம் அனுப்பும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

இதில் நான் இங்கிருந்து சொல்ல முடியாதது ஒன்று: பையனின் கைவலிமை. உயரத்தை வைத்து அளவைச் சொல்லிவிடலாம், மணிக்கட்டை எழுத்தில் பார்க்க முடியாது. கோச் தினமும் பார்க்கிறார், "1,020-இல் ஒன்று, 1,060-இல் ஒன்று, எது?" என்று இரண்டையும் கேம்ப்புக்குக் கொண்டுபோய்க் கேட்டால் அவர் சொல்வதே கடைசி வார்த்தை. ஏற்கெனவே கனமான பேட்டில் ஆடி, முழங்கையின் உட்பக்கமோ மணிக்கட்டோ வலிக்கிறது என்று பையன் சொல்லியிருந்தால், பேட்டை மாற்றுவதோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வயதில் எலும்பின் வளர்முனைகள் இன்னும் மூடியிருக்காது. கடையில் இரண்டு மூன்று பேட் பிடித்துப்போய்த் தயங்கினால், அவற்றின் எடை, நீளம், விரலில் சமமாக நின்ற இடம் அடிநுனியிலிருந்து எத்தனை செ.மீ. என்பதை இங்கேயே எழுதுங்கள், ஒப்பிட்டுச் சொல்கிறேன்.